கரைத்த உப்பா, உருக்கிய உப்பா?

மழைக்காலத்தில் ஏற்காட்டில் உப்பு ஜாடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கும். "உப்பு உருகிப்போச்சு" என்பார்கள் எங்கள் வீட்டில். அதே வாய் ஐஸைப் பார்த்தால் "கரைஞ்சுபோச்சு" என்று சொல்லும். உண்மையில் உப்புதான் கரைகிறது, ஐஸ்தான் உருகுகிறது. சமையலறையில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. 'மோல்டன் சால்ட் எலக்ட்ராலிசிஸ்', அதாவது உருக்கிய உப்பில் மின்சாரம் பாய்ச்சிப் பொருளைப் பிரிப்பது, இதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் வினை. மாணவர்களுக்கான ஒரு கட்டுரையில் இதை 'உப்புக் கரைசல் மின்பகுப்பு' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். விஷயமே அங்கே கவிழ்ந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு வகையும் ஒரே ஊரில் நடந்தன. மேட்டூரில் ஓர் ஆலையில் உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் கிடைக்கும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் என்ற அலுமினியத் தாது போய்ச் சேர்ந்தது அதே மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்கு. அங்கே அலுமினியம் எடுக்கும் தொட்டிகள் 1965 முதல் எரிந்து, 2008-இல் அணைந்தன. அந்தத் தொட்டிகளில் வேலை பார்த்த பெரியப்பா ஒருவரிடம் 'கரைசல்' என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்.

"கரைசலாவது! ஈரம் பட்ட கம்பிய உள்ள விட்டாலே வெடிச்சுத் தெறிக்கும் சாமி. அது கொழம்பு" என்றார். மேலே சாம்பல் நிறத்தில் ஓடு கட்டி நிற்குமாம். கம்பியால் குத்தி உடைத்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கும். பாயும் மின்சாரத்தின் காந்தத்தில், சட்டைப் பையில் கிடக்கும் சாவிக்கொத்துகூட ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

தண்ணீரை ஏன் ஒதுக்க வேண்டும்? அலுமினியம், மக்னீசியம், சோடியம் போன்றவற்றைத் தண்ணீரில் வைத்துப் பிரிக்கப் பார்த்தால், உலோகத்துக்கு முன்னால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன்தான் வெளியே வரும். ஆங்கில வேதியியலர் ஹம்ஃப்ரி டேவி 1807-இல் இதில்தான் முட்டிக்கொண்டார். பொட்டாசியம் அடங்கிய பொட்டாஷ் என்ற காரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார், வாயுதான் வந்தது. லேசாக ஈரம் காட்டிய பொட்டாஷ் கட்டியையே மின்சாரத்தில் உருகவிட்டார். பாதரசத் துளிபோல் பொட்டாசியம் உருண்டு வந்தது. அப்போது இந்தச் செயலுக்குப் பெயர்கூட இல்லை.

'எலக்ட்ராலிசிஸ்' என்று பெயர் வைத்தவர் டேவியின் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே, 1834-இல். கிரேக்கத்தில் 'எலக்ட்ரான்' என்றால் அம்பர் என்னும் மரப்பிசின் கல். தேய்த்தால் தூசியை இழுக்கும். 'லிசிஸ்' என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். நாம் அவிழ்க்கவில்லை, பகுத்தோம். மின்பகுப்பு என்றும் எழுதுகிறோம், மின்னாற்பகுப்பு என்றும் எழுதுகிறோம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். 'மின்பகுப்பு' தொகையாக நிற்பதால் மின்னைப் பகுப்பதா, மின்னால் பகுப்பதா என்று ஒரு நொடி தடுக்கும். மின்னாற்பகுப்பில் 'ஆல்' உள்ளேயே இருந்து வேலை செய்கிறது.

சரி, முன்பாதிக்கு என்ன சொல்? 'உப்புருக்கு' என்று சுருக்கலாம்தான். ஆனால் உருக்காலை இருக்கும் சேலத்தில் உருக்கு என்றால் ஸ்டீல். உப்பில் செய்த ஸ்டீலா என்று கேட்பார்கள். பெரியப்பாவின் சொல்லையே எடுத்து, எரிமலைக் குழம்பு என்பதுபோல் 'உப்புக்குழம்பு' எனலாம். உப்பு கூடிப்போன புளிக்குழம்புதான் ஞாபகம் வரும். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகையாக 'உருகுப்பு' எனலாம். உருகிய, உருகுகின்ற, உருகும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இரவு பகலாக உருகியபடியே வைத்திருக்க வேண்டிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. ஆனாலும் யாரும் சட்டென்று புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆகவே எழுதும்போது நான் போடுவது 'உருகிய உப்பு மின்னாற்பகுப்பு'. நீளம்தான், பரவாயில்லை.

இங்கே உப்பு என்பது சாப்பாட்டு உப்பு மட்டுமல்ல. மால்கோ தொட்டியில் இருந்தது கிரையோலைட், அதாவது சோடியம் அலுமினியம் ஃபுளோரைடு. பனிக்கட்டிபோல் இருப்பதால் கிரேக்கத்தில் 'பனிக்கல்' என்று பெயர். பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுக்கும் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, தானாக உருக 2,072 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகிய கிரையோலைட்டில் போட்டால் சுமார் 960 டிகிரியிலேயே கரைந்துவிடும். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இதைத்தான். ஆக, உப்பு உருகுகிறது, அலுமினா அதில் கரைகிறது. இரண்டு வினைச்சொல்லும் ஒரே தொட்டியில்!

அப்புறம் இந்தச் சொல்லின் எல்லை இன்னும் விரிந்தது. கேம்பிரிட்ஜில் ஃப்ரே, ஃபார்திங், சென் மூவரும் டைட்டானியம் ஆக்சைடு வில்லையை உருகிய கால்சியம் குளோரைடில் எதிர்மின்முனையாகத் தொங்கவிட்டு, முடிவை 2000-இல் வெளியிட்டார்கள். அது உருகவும் இல்லை, கரையவும் இல்லை. ஆக்சிஜன் மட்டும் கழன்று உப்புக்குள் போக, திடமாக இருந்தபடியே டைட்டானியம் ஆனது. 'லிசிஸ்' என்ற அவிழ்த்தல் இங்கேதான் சரியாக உட்காருகிறது என்று எனக்குத் தோன்றும்.

உருகிய லித்தியம் குளோரைடில் கிராஃபைட் முனையை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அது அரித்து உதிரும். அந்த உதிரலில் கார்பன் நானோகுழாய்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய்கள், இருப்பதை 1995-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹேரி க்ரோட்டோவின் குழு கண்டது. ஆறியதும் கட்டியாகிப்போன உப்பிலிருந்து அந்தக் கரும்பொடியைப் பிரிக்க வேண்டுமே? அதற்கு வழி, கட்டியைத் தூக்கித் தண்ணீரில் போட்டு உப்பைக் கரைத்துவிடுவது.