கொலைக் கதை படிச்சா பரவாயில்ல, என் கவலை வேற

போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. உக்காரக்கூட இல்ல, கட்டைப்பையில இருந்து ஒரு தடி இங்கிலீஷ் நாவலை எடுத்து என் டேபிள்ல வச்சாங்க. கருப்பு அட்டை, ரத்தம் சொட்டுற மாதிரி எழுத்து, உள்ள பக்கத்துக்குப் பக்கம் கலர் ஸ்டிக்கர். "ஒன்பதாவதுதான் மேடம் படிக்கிறா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் இதேதான், சரியா சாப்பிடறதில்ல, கூடவே சுத்துன ஃப்ரெண்டுகிட்டகூட பேசறதில்ல, இந்தப் புக்குதான் அவள கெடுத்துச்சு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு அப்புறம்தான் உக்காந்தாங்க.

நான் ஸ்கூல் கவுன்சிலர். (இந்தக் கேஸ்ல ஆள் அடையாளம் தெரியாம இருக்க சிலத மாத்தியிருக்கேன்.) இந்த மாதிரி புக்கோட வர்ற பேரண்ட்ஸ பார்த்தா எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வரும், ஏன்னா நானே சயின்ஸ் புக்குக்குள்ள கிரைம் நாவல் வச்சுப் படிச்சவதான். ராஜேஷ்குமாரோட விவேக்-ரூபலா, சுபாவோட நரேன்-வைஜயந்தி, சுஜாதாவோட கணேஷ்-வசந்த், எதையும் விட்டதில்ல. முதல் பக்கத்துலயே பொணம் கிடக்கும், அதைப் படிச்சுட்டு நிம்மதியா தூங்கியிருக்கோம்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, எனக்கே லேட்டாதான் புரிஞ்சுது. நாம படிச்சதுல துப்பு துலக்குறது போலீஸ், வக்கீல், டிடெக்டிவ்னு பெரியவங்க. இப்ப வர்ற டீன் நாவல்ல கேஸை எடுக்குறதே பதினாறு பதினேழு வயசுப் பசங்கதான். ஹாலி ஜாக்சன் 2019ல எழுதின 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' பாருங்க, பிப்னு ஒரு ஸ்கூல் பொண்ணு, ஊரே முடிஞ்சுபோச்சுன்னு நினைச்ச கொலைக் கேஸை ஸ்கூல் புராஜெக்ட்டா எடுத்துத் தோண்டுறா, மிரட்டல் வருது, வீட்டுல மூச்சு விடமாட்டா. எழுதறவங்களுக்கு வேற வழியும் இல்ல. மிரட்டல் வந்த அன்னைக்கே அவ அப்பாகிட்ட சொல்லி அப்பா ஸ்டேஷனுக்குப் போயிட்டா மீதி முன்னூறு பக்கத்துக்கு என்ன பண்றது? அதனால இந்தக் கதைங்கள்ல போலீஸ் அசமந்தமா இருப்பாங்க, அம்மா அப்பா பிஸியா இருப்பாங்க, டீச்சர் மேலயே சந்தேகம் வரும். அந்த வகைக் கதைக்கு அது தேவை, தப்புன்னு சொல்ல வரல. கொலை பண்றத எந்தப் பிள்ளையும் காப்பி அடிச்சு நான் பார்க்கல, யார்கிட்டயும் சொல்லாம தானே பார்த்துக்குறத காப்பி அடிக்குதுங்க, அது மட்டும் நிறைய பார்த்துட்டேன்.

இந்தப் பொண்ணு விஷயமும் அதேதான். ரெண்டாவது சிட்டிங்ல பையில இருந்து ஒரு நூறு பக்க நோட்டை எடுத்தா. ஒரு ஃபேக் இன்ஸ்டா ஐடில இருந்து மூணு வாரமா மெசேஜ், அவ மூஞ்சிய வேற உடம்புல ஒட்டி எடிட் பண்ணின போட்டோ, "கிளாஸ் குரூப்ல போட்டுடுவேன்"னு மிரட்டல். நோட்ல சஸ்பெக்ட் லிஸ்ட், ஏழு பேரு, சிவப்புப் பேனாவுல அம்புக்குறி, யார் எப்ப ஆன்லைன்ல இருந்தாங்கன்னு டைம் வரைக்கும். முதல் சஸ்பெக்ட் அவளோட உயிர்த்தோழி, அதனாலதான் பேச்சே நின்னுபோயிருக்கு. கடைசியில அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதே நேரம் இன்னொண்ணையும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது. எல்லா மெசேஜையும் தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தா, ஒண்ணக்கூட டெலீட் பண்ணல. பெரியவங்களே பயத்துல முதல்ல அழிச்சுட்டுதான் வருவாங்க. கம்ப்ளைன்ட் குடுக்கும்போது அதுதான் கை குடுத்துச்சு, அந்தப் புத்தியக் குடுத்தது அதே கருப்பு அட்டைப் புக்குதான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்"னு அழுதா. சொல்லாம இருக்க எனக்குச் சட்டத்துல இடமில்ல. 2012ல வந்த போக்சோ சட்டத்துல 11வது பிரிவு, குழந்தையோட உடம்பக் காட்டுற படத்த வச்சு மிரட்டுனா அது நிஜப் படமா எடிட் பண்ணினதான்னு பார்க்காது, ரெண்டும் குத்தம்தான். 19வது பிரிவுப்படி தெரிஞ்சவங்க புகார் குடுத்தே ஆகணும், மறைச்சா 21வது பிரிவுல தண்டனை, ஸ்கூல் பேர் கெட்டுப்போயிடும்னு மூடி மறைக்கிற ஆளுங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன். சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் புகாருக்குத் தனிப் பகுதியே இருக்கு, பேர் போடாமகூட குடுக்கலாம், போன்ல பேசணும்னா குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒரு வகைப் புக்குக்கு மட்டும் நான் கொஞ்சம் கறார். தற்கொலைய ஒரு பழிவாங்கலா, நான் போனப்புறம்தான் இவங்களுக்குப் புத்தி வரும்ங்கற மாதிரி காட்டுற கதைங்க. 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' நாவல் 2007ல வந்துச்சு, 2017ல சீரிஸா எடுத்தப்ப தற்கொலைக் காட்சிய அப்படியே காட்டி பெரிய சண்டையாகி, 2019 ஜூலைல நெட்ஃபிளிக்ஸே அதை வெட்டி எடுத்துச்சு. ஏற்கனவே மனசு உடைஞ்சு இருக்குற பிள்ளை கையில இது தனியா இருக்கக் கூடாது. பிடுங்கவும் வேண்டாம், கூட உக்காந்து பேசுங்க, சாவப் பத்திப் பேச்சு எடுத்தா தயங்காம 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

அந்த அம்மாவுக்கு நான் குடுத்த வேலை ரொம்ப சின்னது. புக்கைத் திருப்பிக் குடுங்க, நீங்களும் ஒரு ஐம்பது பக்கம் படிங்க, இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா அவளையே கதை சொல்லச் சொல்லுங்க. ஏன் இந்தக் குப்பைன்னு கேக்காதீங்க, இந்தக் கதையில இந்தப் பொண்ணு எந்தப் பக்கத்துல வீட்டுல சொல்லியிருக்கலாம்னு கேளுங்கன்னேன்.

அன்னைக்கு என் ரூம்லயே கேட்டுப் பார்த்தோம். ஸ்டிக்கர புரட்டிட்டு, "நாப்பதாவது பக்கத்துலயே சொல்லியிருக்கலாம் மிஸ், ஆனா அதுக்கப்புறம் கதையே இல்லையே"ன்னா. சரி, உன் நோட்ல அந்த நாப்பதாவது பக்கம் எதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் நோட்டைத் திறந்து முதல் ஸ்கிரீன்ஷாட்டோட தேதி மேல விரல வச்சா.