இடிமழையைப் புயலாக்கும் மொழிபெயர்ப்பு

கோடை தொடங்கிவிட்டால் போதும், வெள்ளிக்கிழமையே கைபேசியில் வந்து நிற்கிறது: "ஞாயிறு, இடியுடன் கூடிய புயல்." காங்கேயத்தில் உலர்களம் வைத்திருக்கும் ஒருவர் அதைக் காட்டி, "ஏனுங்ணா, ஞாயித்துக்கெழம புயலுங்களாமா? களத்துல பருப்புக் காயுது" என்கிறார். பருப்பு என்றால் தேங்காய்ப் பருப்பு. மற்ற ஊர்க்காரர்கள் கொப்பரை என்பார்கள். புயலெல்லாம் இல்லீங்க, இடிமழைதான் என்றால், "அப்பறம் எதுக்குங் புயல்னு போட்டு வெச்சிருக்கறான்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

ஆங்கிலத்தில் அது தண்டர்ஸ்டார்ம். தண்டர் என்றால் இடி. வட ஐரோப்பியரின் இடிக்கடவுளான தோரின் பெயருக்கும் அதே வேர். ஸ்டார்ம் பழைய ஜெர்மானியச் சொல், கொந்தளிப்பு என்பது அதன் உள்பொருள். பனி கொட்டினாலும் ஸ்டார்ம், மணல் பறந்தாலும் ஸ்டார்ம், வங்கக்கடலில் சுழன்றாலும் ஸ்டார்ம். அவர்களுக்கு அது பொதுச்சொல். சொற்பிறப்பு இவ்வளவு போதும். வில்லங்கமே நம் பக்கம் வரும்போதுதான்.

நம்மிடம் அப்படி ஒரு பொதுச்சொல் கிடையாது. புயல் என்றால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் யாருக்கும் ஒரே பொருள்தான்: கடலில் உருவாகி, பெயர் சூட்டப்பட்டு, கரையைக் கடப்பது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்று, காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் வானிலைத் துறையே அதைப் புயல் என்கிறது. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, நாள்கணக்கில் நகரும்.

இடிமழை வேறு சாதி. பகலெல்லாம் தரை காய்கிறது. ஈரக்காற்று சூடேறி மேலே எழுகிறது. மதியத்துக்கு மேல் மோடம் கட்டுகிறது. மேகம் பத்து கிலோமீட்டருக்கு மேலும் வளர்ந்து, உள்ளே பனித்துகள்கள் மோதி மின்னேற்றம் கொள்கின்றன. பிறகு மின்னல், இடி, சரசரவென்று குளிர்ந்த காற்று, மழை. ஒரு மேகத்தின் ஆட்டம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். பெருந்துறையில் சாக்கடை நிரம்பி ஓடும்போது விஜயமங்கலத்தில் புழுதி பறக்கும். இதற்கும் புயல், அதற்கும் புயல் என்றால் கேட்பவன் எதை நம்புவான்?

மொழிபெயர்ப்பு இயந்திரம் செய்த தவறு என்று விட்டுவிடலாம் என்றால், படித்தவர்களே இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். 'இடிப்புயல்' என்று ஒரு சொல்லை உருவாக்கி, பாடக்குறிப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கேட்டால் வள்ளுவரைக் கூப்பிடுகிறார்கள். "ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்ற குறளில் புயல் என்றால் மழைதானே என்கிறார்கள். ஆமாம், மழைதான். மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார்கள் என்பதே குறள். பழந்தமிழில் புயல் என்பது மேகம், மழை. காற்றின் சீற்றம் பின்னால் ஏறிய பொருள். அந்தப் பழம்பொருளில் பார்த்தால் இடிப்புயல் என்பது இடிமேகம், அழகான சொல்தானே என்பது அவர்கள் வாதம்.

வாதம் கெட்டி. ஆனால் பொய்க்கணக்கு. இடிப்புயலை உருவாக்கியவர் குறளைப் பார்த்து உருவாக்கவில்லை. ஸ்டார்முக்கு நேர் புயல் என்று அகராதியில் பார்த்து ஒட்டிவிட்டார், கேள்வி வந்த பிறகு குறளைத் தேடிப் பிடித்திருக்கிறார். சொல்லின் பழைய பொருளை மீட்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், அதைச் செய்யுளில் மீட்கட்டும். எச்சரிக்கைச் செய்தி இலக்கிய மன்றம் அல்ல. உலர்களத்துக்காரர் புயல் என்று படித்ததும் அவர் மனத்தில் வருவது கஜா, பெஞ்சல். குறள் 14 வராது. வாராவாரம் புயல் என்று போட்டு, வாராவாரம் அரை மணி மழையோடு போனால், நாலாவது வாரம் அவர் தார்ப்பாயைத் தொடவே மாட்டார். அன்றைக்குப் பார்த்து மழை ஊற்றும். நனைந்த பருப்பு கறுத்துப் பூசணம் பிடித்தால் ஏலத்தில் விலை என்ன ஆகும் என்று இடிப்புயல் ஆசிரியருக்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்மையான புயலின் மிச்சம் உள்நாட்டுக்கு வருவதுண்டு. 2024இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல், வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அது கொங்கு எல்லைக்குப் பக்கம்தான். அப்படியொரு நாளுக்கென்று ஒரு சொல் கூர்மையாக இருக்க வேண்டாமா?

காற்றை விட்டுவிட்டால் எப்படி, ஸ்டார்மில் காற்றும் இருக்கிறதே என்பார்கள். காற்றுக்குச் சொல்லா இல்லை? ஏப்ரல், மே மாதங்களில் கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் குலை தள்ளிய வாழை சாயும்போது விவசாயி "சூறக்காத்து அடிச்சுப் போட்டுருச்சுங்" என்கிறார். செய்தித்தாளும் சூறைக்காற்றுடன் மழை என்றே எழுதுகிறது. காற்று பலமாக இருந்தால் சூறைக்காற்று என்று சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இடிமழை போதும்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் இடிக்குப் பழைய சொல் 'உரும்' என்று சொல்லி, 'உருமழை' என்றார். காதுக்கு இனிமைதான். ஆனால் இந்தப் பக்கம் உரு என்று ஆரம்பித்தாலே கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டும் உருமால் கட்டுச் சீர்தான் ஞாபகத்துக்கு வரும், மாப்பிள்ளையைத் தேடுவார்கள். தூய்மை வேண்டும், ஆனால் இடி, மழை இரண்டும் தூய தமிழாக இருக்கும்போது மூன்றாவதாக ஒன்றை எதற்குத் தோண்ட வேண்டும்?

வானிலை ஆய்வு மையத்தைக் குறை சொல்லமாட்டேன். "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை" என்று அவர்கள் மழையை மழை என்றே சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் 'கூடிய' மட்டும். கைபேசியின் சின்னக் கட்டத்தில் "இடியுடன் கூடிய…" என்று மூன்று புள்ளியோடு நின்றுவிடுகிறது. கூடிய என்ன? மழையா, புயலா, கல்யாணமா? முக்கியமான சொல்லே வெட்டுப்பட்டுப் போகிறது. இடிமழை நான்கே எழுத்து, எந்தக் கட்டத்திலும் அடங்கும்.

அதே கைபேசியில் "தனிமைப்படுத்தப்பட்ட இடியுடன் கூடிய மழை" என்றும் வருகிறது. ஆங்கிலத்தில் ஐசொலேட்டட் என்று இருந்ததாம், கொரோனா வந்து போன நாட்டில் மழையைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். ஓரிரு இடங்களில் என்ற சொல் வானொலிக் காலம் தொட்டு இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் செய்தி கேட்டு வளர்ந்தவராக இருந்தால் அது தானாக வந்து விழும். பணம் கொடுத்துச் செய்யும் மொழிபெயர்ப்பிலும் இப்போது இதே லட்சணம்தான்: இயந்திரம் துப்பியதை ஒருவர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார். தண்ணீர் தேங்கியதும் கோவை லங்கா கார்னர் ரயில் பாலத்தடியில் வண்டியோடு மாட்டிக்கொள்பவர் அவர் இல்லையே.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'மின்னல் வெள்ளம்'. ஃப்ளாஷ் என்றால் மின்னல், ஃப்ளட் என்றால் வெள்ளம், முடிந்தது வேலை. அங்கே ஃப்ளாஷ் என்பது வேகத்தைக் குறிப்பது, வெளிச்சத்தை அல்ல. இடி மின்னல் அறிவிப்பின் அடுத்த வரியிலேயே மின்னல் வெள்ளம் என்று வந்தால் குழப்பம் இரட்டிப்பு. கொங்குநாட்டில் ஓடைக்குப் பள்ளம் என்று பெயர். அணைகளின் பெயரே குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற பேருந்து சர்க்கரைப்பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டால் கரையில் நின்று காத்திருந்ததுண்டு. மேலே எங்கோ பெய்திருக்கும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த ஓட்டுநரிடம் மின்னல் வெள்ளம் என்றால் அண்ணாந்து வானத்தைத்தான் பார்ப்பார். அவர் பார்க்க வேண்டியது பள்ளத்தை. பொதுவாகத் திடீர் வெள்ளம் என்று போடலாம், மலையடிவாரத்துக்குக் காட்டாற்று வெள்ளம் என்று போடலாம். "பள்ளத்துல தண்ணி வரும், தாண்டாதீங்க" என்று போட்டாலும் எனக்குச் சம்மதமே.