கோர்களை எண்ணுவதற்கு முன்: உருவகக் கணிப்புக்கு ஏற்ற ஒர்க்ஸ்டேஷன்

காற்றோட்டத்தையும் வெப்பப் பரவலையும் கணினியில் உருவகப்படுத்தும் ஆய்வகங்கள் ஒர்க்ஸ்டேஷன் எனும் உயர்திறன் கணினியை வாங்கும்போது, செயலியில் எத்தனை கோர்கள் (தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகள்) உள்ளன என்பதையே முதலில் பார்க்கின்றன. ஆனால் இவ்வகைக் கணக்குகளின் வேகத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, நினைவகத்திலிருந்து எண்கள் செயலியை வந்தடையும் வேகமே.

பக்கத்துக்கு 500 கட்டங்களாகப் பிரித்த ஒரு கனசதுர வெளியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12.5 கோடிக் கட்டங்கள். ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் 8 பைட் கொண்ட இரட்டைத் துல்லிய எண்ணாகச் சேமித்தால், அதற்கு மட்டுமே 1 ஜிகாபைட் இடம் வேண்டும். இது செயலிக்குள் இருக்கும் கேஷ் எனும் சிறிய, விரைவு நினைவகத்தில் அடங்காது என்பதால், ஒவ்வொரு காலப்படியிலும் (உருவகத்தின் நேரத்தைச் சிறிதளவு முன்னகர்த்தும் ஒரு கணக்குச் சுற்று) பழைய மதிப்புகள் முழுவதையும் படித்து, புதியவற்றை எழுத, குறைந்தது 2 ஜிகாபைட் தரவு நகர வேண்டியிருக்கிறது. இரண்டு சேனல்களில் (நினைவகத்தைச் செயலியோடு இணைக்கும் பாதைகள்) டிடிஆர்4-3200 வகை நினைவகம் பொருத்திய மேசைக் கணினியின் உச்ச வேகம் நொடிக்கு 51.2 ஜிகாபைட், ஆகவே நொடிக்கு 25 காலப்படிகளுக்கு மேல் அது போக முடியாது. பரிமாற இருவர் மட்டுமே உள்ள பந்தியில் இன்னும் பத்து இலை போட்டாலும் பந்தி விரைவாக முடியாதல்லவா? கூடுதல் கோர்களின் நிலையும் அதுதான். டிடிஆர்5-5200 நினைவகத்துக்கு எட்டு சேனல்கள் தரும் ஏஎம்டி நிறுவனத்தின் திரெட்ரிப்பர் புரோ 7000 செயலி வரிசையில் இதே எல்லை நொடிக்கு 332.8 ஜிகாபைட்டாக, அதாவது ஏறத்தாழ 166 காலப்படிகளாக உயர்கிறது.

எட்டு சேனல் செயலியை வாங்கி நான்கு நினைவகப் பட்டைகளை மட்டும் பொருத்தினால், அந்த வேகத்தில் பாதி வீணாகிவிடும். எனவே விலைப்புள்ளி கேட்கும்போது மொத்த ஜிகாபைட்டோடு பட்டைகளின் எண்ணிக்கையையும் எழுதிக் கேட்பது அவசியம். நாள்கணக்கில் ஓடும் கணக்குகளுக்கு, பிட் பிழைகளைத் தானே கண்டறிந்து திருத்தும் இசிசி நினைவகத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, முதலில் பார்க்க வேண்டியது கணக்குக்குத் தேவையான துல்லியம். குரோமேக்ஸ் போன்ற மூலக்கூறு இயக்கவியல் மென்பொருள் பெரும்பாலும் ஒற்றைத் துல்லியத்திலேயே (எண்ணுக்கு 4 பைட்) கணக்கிடுவதால், ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற விளையாட்டுக் கார்டுகளிலும் சிறப்பாக ஓடுகிறது. ஆனால் அதே கார்டின் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். கணிப்புப் பணிகளுக்கென உருவான ஏ100 கார்டிலோ அது பாதி.

வாங்குவதற்கு முன், ஆய்வகத்தில் அன்றாடம் ஓட்டும் கணக்கு ஒன்றையே விற்பனையாளரின் மாதிரிக் கணினியில் 4, 8, 16 கோர்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எட்டுக்குப் பின் நேரம் குறையவில்லையென்றால், கூடுதல் கோர்களுக்கான பணத்தை நினைவகச் சேனல்களுக்குச் செலவிடலாம்.