தொழில் தொடர்ச்சி

வங்கிகளிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலும் ‘பிசினஸ் கன்டினியூட்டி’ என்ற சொல் புழங்குகிறது. வெள்ளமோ தீயோ நோயோ வந்து அலுவலகத்தைப் பூட்டினாலும், முக்கியமான வேலைகளாவது நடக்கும்படி முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடுதான் அது.

கன்டினியூட்டியின் மூலம் லத்தீன். சேர்த்துப் பிடித்தல் என்பது வேர்ப்பொருள். தமிழில் ‘இடையறாமை’ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழகான சொல். ஆனால் அறவே அறாது என்று அது வாக்குக் கொடுத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கென 2012இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 22301 என்ற சர்வதேசத் தரநிலைகூட அவ்வளவு கேட்கவில்லை. இடையூறு நேர்ந்தால், தாங்கக்கூடிய கால அளவுக்குள், முன்பே வரையறுத்த அளவுக்காவது வேலை நடக்க வேண்டும் என்கிறது. சென்னிமலைத் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இரு நுனிகளையும் பிணைத்து, மறுபடி நெய்கிறார். துணி தொடர்கிறது. ஆகவே ‘தொடர்ச்சி’யே சரி. தொடு, தொடுத்தல், தொடர் எல்லாம் ஒரே குடும்பம். பிசினஸை ‘வணிகம்’ என்றால் அது வாங்கி விற்பதோடு நின்றுவிடும். இரும்பு வார்க்கும் பவுண்டரியும் விசைத்தறியும் அடங்க வேண்டுமென்றால் ‘தொழில்’ வேண்டும்.

இதன் துணைச்சொல் ‘ரிமோட் ஒர்க்’, அலுவலகத்துக்குப் போகாமல் இருந்த இடத்திலிருந்தே வேலை பார்ப்பது. 1973இல் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் நில்ஸ் ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயரிட்டதும் இதைத்தான். ‘வீட்டு வேலை’ என்றால் பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வரும்; ‘தொலைப்பணி’ நன்று. தொலைந்து போவதைக் குறிக்குமே என்ற தயக்கத்தைத் ‘தொலைபேசி’ எப்போதோ போக்கிவிட்டது.

2020 மார்ச் 24 மாலை 144 தடையுத்தரவு வந்தபோது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதியது முழுவதும் அலுவலகத்துக் கணினி ஒன்றில். பாஸ்வேர்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் பேக்கிங் லிஸ்ட் கேட்டு எழுதிய மின்னஞ்சலை வீட்டில் கைபேசியில் படித்தேன். பதில் எழுத ஓர் எண்கூடக் கையில் இல்லை. நிட்டிங் மெஷினை யாராலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, சாயப்பட்டறையையும் முடியாது. பில், சம்பளப் பட்டியல், பையர் கடிதங்கள் ஆகியவற்றை எடுத்துப் போயிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அந்த மாதச் சம்பளக் கணக்கைப் போட முடியாமல், தையல்காரர்கள் போனில் கேட்கக் கேட்கத் தவித்தது இன்னும் உறுத்துகிறது.

கம்பெனி திறந்ததும் ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். தலைப்பு ‘தொழில் தொடர்ச்சி’. முதல் வரி: டேலி நகல், இன்று யார் வீட்டில்?