கார்புரேட்டர்: கரியில் பிறந்த சொல், காற்றை மறந்த பொருள்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி கார்புரேட்டர். அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே கரி இருக்கும். லத்தீனில் 'கார்போ' என்றால் அடுப்புக்கரி. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் தனிமங்களுக்குப் புதுப்பெயர் வகுத்தபோது அதிலிருந்து 'கார்போன்' வந்தது. கரிமம் வேறொரு பொருளோடு கூடிய சேர்மத்துக்கு 'கார்பூர்' என்று பெயர். ஆங்கிலத்தில் அது 'கார்புரெட்'. மீத்தேனை அந்தக் காலத்தில் 'கார்புரெட்டட் ஹைட்ரஜன்' என்றார்கள், அதாவது கரிமம் ஏறிய ஹைட்ரஜன். ஒரு வாயுவில் கரிமச் சேர்மத்தை ஏற்றிவிடும் கருவியே கார்புரேட்டர்.

தொடக்ககாலக் கருவிக்கு இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. கார்ல் பென்ஸின் 1886-ஆம் ஆண்டு வண்டியில் பெட்ரோலின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று ஆவியை ஏற்றிக்கொண்டு எஞ்சினுக்குப் போனது. ஜெர்மானியர் இன்றும் இக்கருவியை 'ஃபெர்காஸர்', வாயுவாக்கி, என்றே அழைக்கிறார்கள். 1893-இல் வில்ஹெல்ம் மைபாக் பெட்ரோலை நுண்துளை வழியே காற்றோட்டத்தில் பீச்சும் முறையைக் கொண்டுவந்தார். ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் அதே ஆண்டில் அதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் கருவியின் உண்மையான வேலை, ஓடும் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து கலப்பது என்றானது. பெயரில் மட்டும் பழைய கரி அப்படியே தங்கிவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? 'கரிசேர்ப்பி' என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் எஞ்சினில் கரி படிவதே ஒரு கோளாறு என்பதால் பட்டறையில் குழப்பம்தான் மிஞ்சும். 'எரிகலப்பி' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஊறுகாய், சுடுசோறு போல இதையும் வினைத்தொகையாகப் படித்தால் எரிகிற கலப்பி என்று பொருள் வந்துவிடும். ஒலிபெருக்கி, மின்மாற்றி என்ற வார்ப்பில் 'கலப்பி' என்பதே நல்ல சொல். முதல்முறை 'எரிபொருள்-காற்றுக் கலப்பி' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு கலப்பி என்றே சொல்லலாம். கலவை என்றாலே இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரவேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கோளாறு தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடமே இதுதான்: எல்லாரும் பெட்ரோலைத் திருத்துகிறார்கள், பழுது காற்றின் பக்கம் இருக்கிறது.

1962-இல் வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். அதில் எஸ்.யூ. நிறுவனத்தின் எச்.எஸ்.4 வகைக் கலப்பிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 1½ அங்குல வாய். எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பம் காலணி வணிகத்தில் இருந்தது. அவர்களுடைய முதல் கலப்பியில் இன்றைய பிஸ்டன் இருக்குமிடத்தில் தோல் துருத்தி இருந்தது. காற்றின் உறிஞ்சலுக்கு ஏற்ப பிஸ்டன் ஏறி இறங்கும். அதன் அடியிலுள்ள கூம்பு ஊசி ஜெட்டின் துளையைத் திறந்து மூடி பெட்ரோலை அளக்கும். 'ஜெட்' பிரெஞ்சில் எறிதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது, 'தாரைத்துளை' எனலாம்.

கலப்பியைத் தொடும் முன் வால்வு இடைவெளியையும், தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியையும் பாருங்கள். இந்த எஞ்சினில், குளிர்ந்த நிலையில், இரண்டுமே 0.015 அங்குலம். அடுத்தது காற்றுக்கசிவு. காற்றின் வழியைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகட்டின் தண்டு தேய்ந்து ஆடினால் அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும், ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெல்ல ஓடுவது) நிலைக்காது. எஞ்சின் ஓடும்போது தண்டின் இரு முனைகளிலும் மெல்லிய எண்ணெயைச் சில துளிகள் விடுங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். கிளீனர் ஸ்பிரே அடிக்க வேண்டாம்: எம்.ஜி.பி.யில் சூடான புகைக்குழாய் கலப்பிகள் இருக்கும் அதே பக்கத்தில் இருப்பதால் தீப்பிடிக்கும். தண்டையும் அதைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றாமல், ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டைத் திருகிக்கொண்டிருந்தால் ஐடிலிங்கில் ஒரு கலவை, ஓட்டத்தில் வேறு கலவை என்றுதான் முடியும்.

அடுத்து பிஸ்டன். விரலால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி 'டக்' என்று உலோக ஒலியோடு அமர வேண்டும். ஒலி வராவிட்டால் கழற்றி பெட்ரோலில் கழுவுங்கள்; உப்புத்தாள் போடவே கூடாது. பிஸ்டன் ஏறி இறங்கும் மேலறையும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை, இரண்டு கலப்பிகளுக்குள் மாற்றிவிடாதீர்கள். ஜெட்டை மேலே வைத்தபோது ஒலி மங்கலாகவும் கீழே இறக்கியபோது தெளிவாகவும் கேட்டால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டின் பூட்டுநட்டை அரைச்சுற்று தளர்த்தி, ஜெட்டை முழுக்க மேலேற்றி, பிஸ்டனை மெல்ல அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். பிந்தைய மாடல்களில் ஊசி ஸ்பிரிங் வைத்து ஒருபக்கம் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும்; அவற்றுக்கு இந்த வேலை தேவையில்லை.

பெட்ரோல் வழிந்தால் மிதவை அறையைத் திறந்து ஊசிவால்வில் தூசு இருக்கிறதா, மிதவையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டதும் மின்பம்பு சிலமுறை தட்டிவிட்டு நிற்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் அது தட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ வெளியேறுகிறது.

இதன்பிறகே கலவை. ஜெட்டைப் பாலத்தின் (பிஸ்டன் வந்து அமரும் மேடு) மட்டத்துக்கு ஏற்றி, நட்டை இரண்டு சுற்று, அதாவது அறுகோண நட்டின் பக்கக் கணக்கில் 12 பட்டை, இறக்குவது தொடக்க நிலை. எஞ்சின் சூடானதும் இரண்டு கலப்பிகளின் இணைப்புத்தண்டைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்றுவாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றுபோல் கேட்கும்வரை ஐடிலிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். பின் ஒரு பிஸ்டனை 1/32 அங்குலம், ஏறக்குறைய 0.8 மி.மீ., தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம்: அது செறிவு, பட்டறை மொழியில் 'ரிச்'. எஞ்சின் தடுமாறி அணையப் போனால் பெட்ரோல் குறைவு: அது மெலிவு, 'லீன்'. இலேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை மட்டும் திருப்புங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் திணறினால், பிஸ்டனின் மேலுள்ள குழலில் எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய் குறைந்திருக்கும்.

மாற்றியமைப்பவர்கள் முதலில் கைவைப்பது காற்று வடிகட்டியில். தடையற்ற வட்ட வடிகட்டி போட்டால் உறிஞ்சல் மாறிக் கலவை மெலியலாம். அதை ஜெட் நட்டால் ஈடுகட்டினால் ஐடிலிங் செறிந்துவிடும். ஊசியின் கூம்பைத்தான் மாற்ற வேண்டும்: ஊசிகளுக்குக் குறியீடு உண்டு; தொடக்ககால எம்.ஜி.பி.க்கு எம்.பி. அல்லது 5, செறிவுக்கு 6, மெலிவுக்கு 21. வடிகட்டிக்குள் வளைந்த விளிம்புள்ள காற்றுவாயைப் பொருத்தாமல் விட்டால் வடிகட்டியை மாற்றிய பலன் குறைந்துவிடும். சில பட்டாம்பூச்சித் தகடுகளில் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அது சரியாக மூடாவிட்டால் ஐடிலிங் வேகம் இறங்கவே இறங்காது. வால்வில்லாத தகடு போடுவது நல்லது.

கடைசியாக, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் 'சோக்'. ஆங்கிலத்தில் மூச்சை அடைப்பது என்று பொருள். பல கார்களில் அது காற்றை அடைக்கும் தகடுதான். எச்.எஸ்.4-இல் சோக் கம்பியை இழுத்தால் காற்று அடைபடுவதில்லை, ஜெட் கீழிறங்கிப் பெட்ரோல் கூடுகிறது. அதற்கு 'செறிவூட்டி' சரியான தமிழ். இத்தாலியின் வெபர் நிறுவனத்துடைய டி.சி.ஓ.ஈ. வகைக் கலப்பிகளில் சோக் என்பது மூன்றாவது பொருளில் வரும்: காற்றோட்டம் ஒடுங்கும் உட்குழல். அதைத் 'தொண்டைக்குழல்' என்று பெயர் மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும். அதன் விட்டத்தை 4-ஆல் பெருக்கினால் பெட்ரோலை அளக்கும் மெயின் ஜெட்டுக்கு ஒரு தொடக்க எண் கிடைக்கும்: 32 மி.மீ. தொண்டைக்கு 128, அருகில் கிடைப்பவை 125, 130. காற்றுத்திருத்த ஜெட்டை அதைவிட 50 கூட்டி 175 அல்லது 180-இல் தொடங்கலாம். முழு வேகத்தில் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தபின் மற்றவற்றை மாற்றலாம்.