பொசிஷனல் வேல்யூ: தமிழில் ஆடுநிலை மதிப்பு

அமெரிக்காவில் ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் விளையாட்டுப் பேச்சில் ஓயாமல் அடிபடும் தொடர் ‘பொசிஷனல் வேல்யூ’. பேச்சு நாம் உதைத்து ஆடும் கால்பந்தைப் பற்றியது அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். கல்லூரியில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை இந்த அணிகள் முறை வைத்து, ஏழு சுற்றுகளில் எடுத்துக்கொள்கின்றன. போன பருவத்தில் ஆக மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. ஏப்ரலில் நடக்கும் இதுதான் டிராஃப்ட்.

ஒரு வீரர் எவ்வளவு திறமைசாலி என்பது ஒரு கேள்வி. அவர் ஆடும் நிலையில் ஒரு நல்ல ஆள் கிடைத்தால் அணிக்கு எவ்வளவு லாபம் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கான விடையைத்தான் பொசிஷனல் வேல்யூ என்கிறார்கள். களத்தில் எந்த நிலை முக்கியம் என்று சொல்வதாகப் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது பாதிதான் சரி. சென்டர் என்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தராவிட்டால் ஆட்டமே தொடங்காது. இருந்தும் முதல் பத்து முறைகளுக்குள் ஒரு சென்டரை எடுக்கும் அணியைப் பார்ப்பது அரிது. சுமாரான சென்டர் பின்னாலும் கிடைப்பார், அவரை வைத்தும் ஓட்டிவிடலாம் என்பதுதான் காரணம். ஆக, இது முக்கியத்துவத்தை அளக்கும் சொல் இல்லை; இவரை விட்டால் அடுத்து கையில் சிக்கும் ஆளுக்கும் இவருக்கும் உள்ள தூரத்தை அளக்கும் சொல். அந்த அடுத்த ஆளை இங்கே ‘மாற்றாள்’ என்று வைத்துக்கொள்வோம்.

வேர் பெரிதாகச் சுற்றவிடாது. ‘பொசிஷன்’ இலத்தீனில் ‘வை, நிறுத்து’ என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது. ‘வேல்யூ’வின் இலத்தீன் வேருக்கு வலிமையோடிரு, பெறுமதியாயிரு என்று பொருள். ‘டிராஃப்ட்’ என்பதுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய சொல். அதன் வேர்ப்பொருள் இழுத்தல். படைக்கு ஆள் இழுப்பதை அமெரிக்காவில் டிராஃப்ட் என்றார்கள், அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. எழுத்து வரைவைக் குறிக்கும் டிராஃப்ட்டும் அதே வேரில் வந்ததுதான், ஆனால் பொருளில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அகராதியில் முதலில் கண்ணில் படும் ‘வரைவு’ என்ற சொல்லை எடுத்து ‘என்.எஃப்.எல். வரைவு’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடலாம். ஐ.பி.எல். பழக்கத்தில் ‘ஏலம்’ என்று எழுதுவதும் தப்பு. ஏலத்தில் பணம் பேசும். இங்கே யாரும் விலை கேட்பதில்லை. அணி செலவழிப்பது தன் முறையை.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. யோசனை ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல்லுடையது. முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர், பந்தோடு ஓடுபவர். (கடைசிவரை அவர் என்.எஃப்.எல்.-இல் ஆடவே இல்லை என்பது தனிக்கதை.) ஓட்டம்தான் அன்றைக்கு ஆட்டத்தின் உயிர். பிறகும் நெடுங்காலம் ரன்னிங் பேக் எனப்படும் ஓட்டக்காரர்களுக்கு மவுசு குறையவில்லை. 1969-இல் ஓ.ஜே. சிம்ப்சன், 1978-இல் ஏர்ல் கேம்ப்பெல் என்று முதல் முறையே அவர்களுக்குப் போனது. அப்படி முதலாவதாக எடுக்கப்பட்ட கடைசி ஓட்டக்காரர் 1995-இல் கீ-ஜானா கார்ட்டர். 2013, 2014, 2024 ஆண்டுகளில் முதல் சுற்று முழுவதிலும் ஒரு ஓட்டக்காரர்கூட இல்லை.

ஏன் இப்படி ஆனது? முதல் காரணம் விதி. பந்து பிடிக்க ஓடுபவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தடுப்பவர் தொடக்கூடாது என்று 1978-இல் விதி இறுக்கப்பட்டது. வீசி ஆடுவது எளிதானது. வீசும் குவார்ட்டர்பேக், அவரைக் காக்கும் டாக்கிள், அவரைத் துரத்தும் எட்ஜ் ரஷர், பந்து பிடிப்பவரை ஒட்டி ஓடும் கார்னர்பேக் ஆகியோருக்குக் கிராக்கி ஏறியது. இரண்டாவது காரணம் சம்பளம், அதுதான் கனமானது. 1993-இல் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம் என்றானது. 1994-இல் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு வந்தது. 2011-இல் புதுமுகங்களின் சம்பளம், எத்தனையாவதாக எடுக்கப்படுகிறார் என்பதை வைத்து ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்டது. 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். மறு வருஷம் அதே முறையில் வந்த கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தமே மொத்தம் 2.2 கோடி டாலர்தான்.

இந்தக் கடைசி மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் சொல்லின் இன்றைய பொருள் பிடிபட்டுவிடும். இரண்டாவதாக எடுக்கப்படுபவர் குவார்ட்டர்பேக்காக இருந்தாலும் ஓட்டக்காரராக இருந்தாலும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் பணம் கொடுத்து எடுக்கும் வெளிச்சந்தையில் அப்படி இல்லை. 2018-இல் கர்க் கசின்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை மினசோட்டா வைக்கிங்ஸ் மூன்றாண்டுக்கு 8.4 கோடி டாலர் தந்து எடுத்தது, ஆண்டுக்கு 2.8 கோடி. அதே ஆண்டு டிராஃப்ட்டில் மூன்றாவதாக வந்த குவார்ட்டர்பேக் சாம் டார்னல்டுக்கு நான்காண்டுக்கும் சேர்த்தே சுமார் 3 கோடி. மிச்சப்படும் பணத்தில் இன்னும் சில நல்ல ஆட்களை வாங்கலாம். உச்சவரம்பு இருக்கும் இடத்தில் மிச்சம்தான் பலம். டார்னல்டு தன்னை எடுத்த நியூயார்க் ஜெட்ஸ் அணியில் சோபிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அணி வைத்த கணக்கு இதுதான்.

டார்னல்டுக்கு ஒரு முறை முன்னால், இரண்டாவதாக, நியூயார்க் ஜயன்ட்ஸ் சேக்வான் பார்க்லியை எடுத்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அபாரமான ஓட்டக்காரர். திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரை அத்தனை முன்னால் எடுத்தது சரியா என்ற சண்டை முழுக்க அவருடைய ஆடுநிலையைப் பற்றியது. அவர் முதல் பருவத்திலேயே ஓடியும் பிடித்தும் 2,028 கெஜம் சேர்த்தார், சிறந்த தாக்குதல் புதுமுகமாகவும் தேர்வானார். அணி வென்றதோ 16 ஆட்டங்களில் ஐந்து. 2020-இல் முழங்கால் காயம். அவர் இருந்த ஆறு பருவங்களில், பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபை அணி பார்த்தது ஒரே ஒரு தடவை. அதே டிராஃப்ட்டில் ஏழாவதாகப் போன ஜாஷ் ஆலனும் 32-ஆவதாகப் போன லமார் ஜாக்சனும் பின்னாளில் லீக்கின் மிகமதிப்பு வாய்ந்த வீரர் விருது வாங்கிய குவார்ட்டர்பேக்குகள்.

2024-இல் பார்க்லி ஈகிள்ஸுக்குப் போனார், ஒரே பருவத்தில் 2,005 கெஜம் ஓடினார், லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலும் வென்றார். “பார்த்தீர்களா, ஆடுநிலை மதிப்பெல்லாம் சும்மா” என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எனக்கு அது தலைகீழாகத்தான் படுகிறது. ஈகிள்ஸ் அவருக்காக டிராஃப்ட் முறை எதையும் செலவழிக்கவில்லை, மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலர் தந்து வெளிச்சந்தையில் வாங்கியது. அதே ஆண்டு டேக் ப்ரெஸ்காட் என்ற குவார்ட்டர்பேக் ஒப்புக்கொண்ட சம்பளம் ஆண்டுக்கு 6 கோடி. உச்சத்தில் இருக்கும் ஓட்டக்காரரை அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு வாங்க முடிகிறது என்றால், இரண்டாவது முறையை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவர் ஓட வழி திறந்த வரிசையில் நின்ற லேன் ஜான்சனை ஈகிள்ஸ் 2013-இல் நான்காவது முறையைக் கொடுத்து எடுத்தது. அவர் டாக்கிள். விலையேறிய நிலைக்கு முறை, மலிவான நிலைக்குப் பணம்.

சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு, ஃபேன்டசி ஆட்டத்தில். 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸில் சிறு பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் நண்பர்களோடு தொடங்கிவைத்த ஆட்டம் அது. நிஜ வீரர்களைக் கற்பனை அணிகளுக்கு டிராஃப்ட் செய்து, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணுவார்கள். வேடிக்கை என்னவென்றால் அங்கே வரிசை அப்படியே புரண்டுவிடும். 12 பேர் ஆடும் ஃபேன்டசி லீக்கில் ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக் போதும். களத்தில் இறங்குபவர்களோ 32 பேர். ஓட்டக்காரர் ஆளுக்கு இருவர் வேண்டும், அதாவது 24 பேர். ஒரு கணக்குக்கு, முதல் குவார்ட்டர்பேக் 380 புள்ளி, பன்னிரண்டாமவர் 300 என்று வையுங்கள், வித்தியாசம் 80. முதல் ஓட்டக்காரர் 320, இருபத்துநான்காமவர் 170 என்றால் வித்தியாசம் 150. அதிகப் புள்ளி எடுப்பவர் குவார்ட்டர்பேக்தான், ஆனாலும் முதல் முறையில் எடுக்க வேண்டியவர் ஓட்டக்காரர். மாற்றாள் யார் என்பது மாறினால் மதிப்பும் மாறிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பள்ளிக் கணக்கில் ‘இடமதிப்பு’ இருக்கிறது, பக்கத்திலேயே ‘முகமதிப்பு’ம் இருக்கிறது. 525-இல் இரண்டு ஐந்துக்கும் முகமதிப்பு ஒன்றுதான். இடமதிப்பு ஒன்றுக்கு ஐந்நூறு, மற்றதற்கு வெறும் ஐந்து. திறனை முகமதிப்பு என்றும் இதை இடமதிப்பு என்றும் வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், டிராஃப்ட்டில் ‘இடம்’ என்றாலே எத்தனையாவது முறை என்ற பொருள் வந்துவிடும். அந்த முறைகளுக்கும் தனி மதிப்பு உண்டு: 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் அணி போட்ட அட்டவணையில் முதல் முறைக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,600. இடமதிப்பு என்ற சொல்லை இதற்கு விட்டுவிடுவதே நல்லது.

‘நிலை மதிப்பு’ என்றால் அந்தஸ்து என்று படும். ‘ஆட்டநிலை’ என்றால் ஸ்கோர் என்ன என்று கேட்பது போலிருக்கும். ‘ஆடும் நிலை’ என்பது விளையாட்டு எழுத்தில் இயல்பாக வரும் தொடர். அதைச் சுருக்கி ‘ஆடுநிலை’ என்றால் வினைத்தொகை, ஆடுகளம் போல. எனவே ஆடுநிலை மதிப்பு. ‘ஆடுநிலை விலை’ என்று எழுத வேண்டாம்; விலை சந்தையில் கொடுப்பது, மதிப்பு நாம் கணித்துக்கொள்வது.

எழுதும்போது மதிப்பை வீரருக்கு ஏற்றாமல் நிலைக்கு ஏற்றுங்கள். ‘பார்க்லியின் ஆடுநிலை மதிப்பு குறைவு’ என்பதைவிட ‘ஓட்டக்காரர் நிலைக்கு ஆடுநிலை மதிப்பு குறைவு’ என்பது சரி. ‘ஆடுநிலை மதிப்பைப் பார்த்தால் டாக்கிள், திறனைப் பார்த்தால் சேஃப்டி, தேவையைப் பார்த்தால் கார்னர்பேக்’ என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்தாலும் குழப்பம் வராது. (சேஃப்டி என்பவர் தடுப்பில் கடைசி வரிசையில் நிற்பவர்.)