பானட் சில்லென்று இருக்கும்போது காரைப் பாருங்கள்

பெங்களூரு இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். அங்கே கைமாறுகிற ஜெர்மன் கார்களில் பல, வாங்கிய மறுநாளே கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்கு வந்துவிடும். மாமன் மச்சான் எல்லாரும் கூடவே வருவார்கள், சத்தமும் சிரிப்புமாக இருக்கும், வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனரைச் சொருகியதும் பேச்சு நின்றுவிடும். அந்த முகங்களைப் பார்க்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்து வியாபாரி ஒருவர் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் வைத்த பெரிய வண்டியைக் கொண்டுவந்தார். "ஒண்ணும் பிரச்சனை இல்லண்ணா, ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க" என்று சொல்லி, ராத்திரி பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனார். காலையில் ஷட்டரைத் தூக்கினால், முன்பக்கம் இடது மூலை மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் முனகிக்கொண்டே மெல்லத் தூக்கியது. காற்றுப் பையில் வெடிப்பு. கசிகிற காற்றை நிரப்ப ஓயாமல் ஓடியதில் கம்ப்ரஸரும் தேய்ந்துபோயிருந்தது. விற்றவர் இவர் போவதற்கு முன்பே வண்டியை ஓட விட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறார், இவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் விடியற்காலையில் போங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். இன்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அதன் கடகட சத்தமும், இன்ஜின் ஆயில் குடித்தால் அந்த நீலப் புகையும் ஆறிய இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் நன்றாகத் தெரியும்.

60 லட்சத்து வண்டி 12 லட்சத்துக்குக் கிடைக்கலாம், ஆனால் அதன் உதிரி பாகங்களுக்கு 60 லட்சத்து வண்டியின் விலைதான். கையில் 12 லட்சம் இருந்தால் 9 லட்சத்துக்கு வண்டி பாருங்கள், மிச்சத்தை முதல் வருடத்துக்கு எடுத்து வையுங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அப்புறம் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று குடத்தின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும், அதே வெள்ளை ரேடியேட்டருக்குள்ளும் படியும். கம்பெனி சொன்ன கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். வெப்ப முள் ஏறினால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாமல் உடனே நிறுத்துங்கள், இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாமல் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்க வேண்டாம்.

கேஏ நம்பர், அதாவது கர்நாடகப் பதிவு என்றால், அங்கத்திய ஆர்.டி.ஓ. தருகிற என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த வியாபாரி போன வாரம் விடிய ஐந்தரைக்குப் போன் செய்தார், மச்சானுக்கு வண்டி பார்க்கப் பெங்களூரு போயிருக்கிறார். "அண்ணா, பானட் சில்லுன்னு இருக்கு, இப்ப என்ன பாக்கணும்?" 2022 செப்டம்பரில் அந்த ஊரில் எத்தனை கார் வெள்ளத்தில் நின்றது என்பது ஞாபகம் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.